பாட்டும் பொருளும்



ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், குத்துக்கல்வலசையில் இருக்கும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு வேறு அலுவல் ஏது? சென்ற ஆண்டு அப்படி அருவிக்குப் போய்த் திரும்பும்பொழுது, பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் கல்லூரி மாணவர் இருவர் அமர்ந்திருந்தனர். ஏதோ ஓர் ஆங்கிலப் பாட்டைக் குறித்து இருவருக்கும் கடும் வாதம். மேனாட்டார் 'ராக்' என்று சொல்லும் இசை வகையைச் சேர்ந்த பாட்டு அது. "அது காதலைப் பற்றிய பாட்டு" என்கிறான் ஒருவன். "இல்லவே இல்லை, சாவைப் பற்றியது" என்கிறான் மற்றவன். பேருந்து தென்காசிக்கு வந்து சேர்ந்தும் வழக்குத் தீரவில்லை. என் நரைத்த தலையைப் பார்த்ததும், "ஐயா, நீங்கள் சொல்லுங்கள். ஒரு பாட்டின் பொருள் இதுதான் என்று யார் முடிவு செய்வது?" என்று கேட்டார்கள்.

இறங்கும் அவசரத்தில் நான் சரியான விடை சொல்லவில்லை. அன்று சொல்லத் தவறியதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டின் பொருளுக்காகச் சண்டையிடுவது புதிய பழக்கமன்று. அது நம் முன்னோர் நமக்கு வைத்துப்போன சொத்து. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினர் என்பர். ஒரே உரை போதுமென்று தமிழ் மக்கள் எண்ணியிருந்தால் பத்து உரை எதற்கு? மணக்குடவர் ஒன்று சொல்ல, பின்வந்த பரிமேலழகர் வேறொன்று சொல்லுவார். சில இடங்களில் முன்னவர் கொண்ட பொருளைக் குறிப்பிட்டு, அது பொருந்தாது என்று மறுப்பதும் உண்டு. உரையாசிரியர்களின் நூல்களைப் புரட்டினால், ஒரு பெரிய மன்றத்தில் கற்றவர் பலர் கூடி வழக்காடும் ஓசை நம் காதில் விழும்.

அப்படிப்பட்ட மன்றம் ஒன்று நம் நெல்லைச் சீமையிலேயே கூடியது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில், 1920களில் அன்பர்கள் மாலை வேளைகளில் கூடுவார்கள். வட்டமாக அமைந்த தொட்டிக்கட்டில் கூடியதால் அதற்கு 'வட்டத்தொட்டி' என்றே பெயர் நிலைத்தது. அச்சபைக்குத் தலைவரும் இல்லை, தீர்மானங்களும் இல்லை. ஒரு பாட்டு இருக்கும். அதைச் சுற்றி மனிதர்கள் இருப்பார்கள். பின்னாளில் அவர் குற்றாலத்தில் வந்து தங்கியபோது வட்டத்தொட்டியும் அவரோடு குற்றாலம் வந்துவிட்டது என்று சொல்லலாம். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன் முதலியோர் அவருடைய அணுக்கத் தோழர்கள். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலம் வருவதுண்டு. 1954ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

டி. கே. சி. சட்டம் பயின்றவர். ஆயினும் நீதிமன்றத்தில் வாதாடியதைவிடக் கம்பனுக்காக வாதாடியதே மிகுதி. ஒரு செய்யுளை எடுத்தால் உடனே பொருள் சொல்லிவிட மாட்டார். அதை ஒருமுறை பாடுவார், மறுமுறை பாடுவார், ஒரு சொல்லில் நிற்பார், கேட்பவர் முகத்தைப் பார்ப்பார். கவிக்கு உருவம் உண்டு, தாளம் உண்டு, உணர்ச்சி உண்டு. காதும் இதயமும் ஒப்புக்கொண்ட பிறகே அகராதிக்கு வேலை என்பது அவர் கொள்கை. காவடிச்சிந்து போன்ற, மக்கள் வாயில் வழங்கும் இசைப்பாட்டையும் பெருங்காவியத்தின் செய்யுளையும் ஒரே ஆர்வத்தோடு அனுபவித்தவர் அவர். 'ரசிகர்' என்ற சொல்லை இன்று நாம் நடிகருக்கும் பாடகருக்கும் கூட்டம் சேர்ப்போர்க்கு வழங்குகிறோம். அன்று அதே சொல், ஒரு பாட்டை மற்றவர் சுவைக்கும்படி செய்யும் பெரியவருக்குப் பட்டமாக விளங்கிற்று.

இனி, என் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அது எனக்குப் பெருமை தருவதன்று.

தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியை உவந்து, மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார் என்றும், அந்நிலமே குறவஞ்சிமேடு என்று வழங்குகிறது என்றும் இப்பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்நூலில் குறத்தி தன் மலைவளத்தைச் சொல்லும் பாட்டு உங்களில் பலருக்கும் பாடமாக இருந்திருக்கும். ஆண்குரங்கு பழம் பறித்துப் பெண்குரங்கோடு கொஞ்ச, மந்தி சிந்துகின்ற அப்பழங்களுக்காக 'வான்கவிகள்' கெஞ்சுவதாக அதில் ஒரு செய்தி வருகிறது. யார் இந்த வான்கவிகள்?

நான் வைத்திருந்த உரை, தேவர்கள் என்றது. நானும் அப்படியே எழுதிப்போட்டேன். தேர்வில் ஒரு மாணவன், 'மரத்தின்மேல் இருக்கும் பெரிய குரங்குகள்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவன் விடைத்தாளோடு என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் அப்பா குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிறார். பெரிய பெரிய குரங்குகள் கீழே விழுந்த பழத்துக்காகக் கைநீட்டி உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். கவி என்றால் குரங்கு என்று எங்கள் தாத்தா சொன்னார்" என்றான். "உரையில் என்ன இருக்கிறதோ அதை எழுது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அந்த ஆண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு சொல்லுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டியபோது, கவி என்ற சொல்லுக்குக் குரங்கு என்ற பொருளும் இருக்கக் கண்டேன். கபி என்னும் வடசொல் தமிழில் கவி என்றாகும். கம்பரும் வானரங்களை அச்சொல்லால் பல இடங்களில் குறிக்கிறார். கம்பனைப் பல முறை படித்தவன் நான்; ஆனால் அந்த மாணவன் கேட்ட நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. காரணம் எளிது: அவன் சொன்னதை நான் ஆராயவே இல்லை.

இப்போது அந்தச் சொல்லைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வான் என்பதற்கு ஆகாயம் என்றும் பொருள். பெருமை என்றும் பொருள். கவி என்பதற்குக் குரங்கு என்றும் புலவர் என்றும் பொருள். ஆகவே, வானுலகத்தார் என்று கொள்ளலாம், அதற்கு வலுவுண்டு. அடுத்தபடியாகவே வேடர் வானவரை அழைப்பதாகப் பாட்டுச் செல்கிறது. பெரிய குரங்குகள் என்றும் கொள்ளலாம், அதற்கும் வலுவுண்டு. பாட்டே குரங்குகளில்தான் தொடங்குகிறது. பெரும்புலவர்கள் என்றும் கொள்ளலாம். அப்போது மன்னரிடம் பரிசில் பெற்று வாழும் தம் இனத்தையே கவிராயர் மெல்லக் கேலி செய்துகொள்கிறார் என்று தோன்றுகிறது. மூன்றில் எது சரி? முதற்பொருளுக்கே சான்று சற்று மிகுதி என்று இன்றும் எண்ணுகிறேன். ஆயினும் அந்த மாணவனின் விடையை அடித்தது தவறு. அவனிடம் சான்று இருந்தது. அதைக் கேட்டறியும் பொறுமை என்னிடம் இல்லை.

சில பாட்டுக்களில் பொருள் இரண்டுபடுவதே புலவரின் நோக்கம். இதைச் சிலேடை என்பர். 1962இல் வெளிவந்த 'பலே பாண்டியா' என்ற படத்துக்குக் கவிஞர் கண்ணதாசன் எழுதிய 'அத்திக்காய்' பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காய் என்பது கறிக்குரிய காயையும் குறிக்கும். நிலவைப் பார்த்து 'ஒளி வீசு' என்று ஏவுவதாகவும் நிற்கும். பிரித்துப் பார்த்தால் அத்திக்காய் அந்தத் திக்கில் காய்வதாகிவிடும்! கேட்டவர்கள் காய்கறிப் பட்டியல் என்று சிரித்தார்கள். பிறகு சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வியந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதற்குப் பொருள் சொல்லி மகிழ்வோர் இருக்கிறார்கள்.

"பாடியவரையே கேட்டுவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடுமே" என்று நீங்கள் எண்ணலாம். அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்து தேசத்தில் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பீட்டில்ஸ் என்னும் இசைக்குழுவில் ஜான் லெனன் என்பவர் இருந்தார். அவர் படித்த பள்ளியிலேயே ஓர் ஆசிரியர் பீட்டில்ஸ் பாட்டுக்களைப் பாடமாக வைத்துப் பொருள் விளக்கம் கேட்கிறார் என்று மாணவன் ஒருவன் அவருக்குக் கடிதம் எழுதினான். லெனனுக்கு ஒரே சிரிப்பு. 'இதற்குப் பொருள் காணட்டும் பார்க்கலாம்' என்று, ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களை வேண்டுமென்றே அடுக்கி 1967இல் ஒரு பாட்டு எழுதினார். வால்ரஸ் என்னும் பனிக்கடல் விலங்கு அதில் வருகிறது. அவ்விலங்கை அவர் லூயிஸ் கரோல் என்பவர் 1871இல் வெளியிட்ட நூலிலுள்ள ஒரு கவிதையிலிருந்து எடுத்தார். சிப்பிகளை நயமாகப் பேசி அழைத்துப்போய்த் தின்றுவிடும் வால்ரஸின் கதை அது. அவ்விலங்குதான் கதையின் தீயவன் என்பதைத் தாம் பின்னர்தான் உணர்ந்ததாக 1980இல் அவரே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். பாருங்கள்! தாம் எழுதிய சொல்லின் முழுப் பின்னணி பாட்டாசிரியருக்கே தெரிந்திருக்கவில்லை. ஆசிரியர்களைத் தடுமாற வைக்க எழுதிய அந்தப் பாட்டுக்கும் ரசிகர்கள் விடாமல் பொருள் கண்டுவருகிறார்கள்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் எப்பொருள் வேண்டுமானாலும் சொல்லலாமா? கூடாது. அதே குழுவினர் 1968இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில், இங்கிலாந்துத் திருவிழாக்களில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் சுழல் சறுக்குமரத்தின் பெயரால் ஒரு பாட்டு இருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் மேன்சன் என்ற ஒருவன், அது வரப்போகும் இனப்போரைத் தனக்கு முன்னறிவிக்கிறது என்று தன் கூட்டத்தாருக்குப் போதித்தான். 1969 ஆகஸ்டில் அவன் ஏவலால் குற்றமற்ற பலர் கொல்லப்பட்டனர். அந்தச் சொல் ஒரு சறுக்குமரத்தின் பெயர் என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல அக்கூட்டத்தில் ஒருவரும் இல்லை. சொன்னால் கேட்கும் செவியும் அவனுக்கு இல்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் பாட்டுக்குப் பொருள் காண்பது ஆபத்தானது.

நல்லவர்களுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. டி. கே. சி. அவர்கள் கம்பராமாயணத்தைப் பதிப்பித்தபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களில் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் தம் காதுக்குப் பொருந்தாத சொற்களையும் திருத்தினார். புலவர்கள் கொதித்தார்கள். இதற்கு மாறாக, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட காலந்தொட்டு, ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் தந்து, முடிவைப் படிப்பவருக்கு விட்டார். ரசிகமணியிடம் நான் சுவைக்கக் கற்றேன்; அவர்பால் எனக்குள்ள பக்தி சிறிதும் குறையவில்லை. எனினும், பிடிக்காத சொல்லை மாற்றும் உரிமை சுவைஞனுக்கு இல்லை என்பதை ஐயரிடமே கற்கவேண்டும்.

என் ஊரின் பெயரை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். குத்துக்கல் என்பது நட்டு நிறுத்திய கல், அது அசையாது. வலசை என்பது ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்து சென்று குடியேறுவது. பாட்டில் உள்ள சொல் குத்துக்கல், அதை அசைக்கலாகாது. பொருளோ வலசை, காலந்தோறும் புதிய நெஞ்சங்களில் அது குடியேறிக்கொண்டே இருக்கும். கல்லைப் பிடுங்கினால் ஊருக்கு அடையாளம் போய்விடும். வலசையைத் தடுத்தால் ஊரே உண்டாகாது.

ஆகவே, பேருந்தில் என்னைக் கேட்ட அந்த இளைஞர்களுக்கு என் விடை இது. பாட்டைப் பன்முறை கேளுங்கள். சொல் எதுவோ அதை மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பாருங்கள். அகராதியைத் திறக்கச் சோம்பாதீர்கள். பிறகு உங்கள் பொருளைத் துணிந்து சொல்லுங்கள். மாறுபட்டவன் சொல்வதை முடியும்வரை கேளுங்கள். அவனிடம் சான்று இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் தென்காசிவரை வழக்காடி வந்தீர்களே, அதுவே ஒரு சிறு வட்டத்தொட்டிதான்.

உங்களில் சிலர் நாளை ஆசிரியர்கள் ஆவீர்கள். ஒரு பையன் விடைத்தாளோடு வந்து, "நான் தினமும் பார்க்கிறேனே, ஐயா" என்று சொல்லுவான். அப்போது சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு, "என்ன பார்த்தாய், சொல்" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.