அம்மாயி செய்த லாங்போர்டு

(சங்கத்தின் கோடைக் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக் குடியிருப்பாளரும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியையுமான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை சக்கரப் பலகை மேல் நின்று போகிறாள். "இது யார் வீட்டுப் பிள்ளை? யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டிருந்தார்கள். அவள் என் பேத்திதான். அந்தப் பலகை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. அனுமதி யாரும் கொடுக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இன்று நிற்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பலகை எப்படி வந்தது, நாங்கள் எங்கே தவறு செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பேத்திக்கு 13 வயது. போன ஜூனில்தான் சென்னைப் பள்ளியை விட்டு இங்கே வந்து சேர்ந்தாள். முதல் மூன்று மாதம் பள்ளிக்கூடம், அறை, போன், அவ்வளவுதான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட "ம்" என்பதுதான் பதில். ஒரு நாள் அவளாக வந்து 'கமலி' என்ற குறும்படத்தைக் காட்டினாள். மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமியையும் அவள் அம்மாவையும் பற்றிய படம். இங்கிலாந்தின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் அது. பார்த்து முடித்ததும், "அம்மாயி, எனக்கு ஒரு லாங்போர்டு வேணும்" என்றாள். விலையைப் பார்த்தேன். "வாங்க வேணாம்டி, செஞ்சு பாப்பமா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குத் தச்சு வேலை தெரியாது. ஆனால் உத்திரம் எப்படி வளைகிறது என்று 31 வருடம் கரும்பலகையில் படம் போட்டவள். அந்தத் தைரியம்தான்.

லாங்போர்டு என்றால் என்ன என்று பலர் கேட்டீர்கள். 1950-களில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு ஆடியவர்கள், கடலில் அலை இல்லாத நாளில் தெருவில் ஓட்டுவதற்காகப் பலகையின் அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரத்தைப் பூட்டினார்கள். 1970-களில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பிறகு, சின்னக் கல் தடுக்கி விழுவது குறைந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாகப் போட்டியாகவே இடம்பெற்றது. லாங்போர்டு அதில் நீளமான வகை. தாவிக் குதிக்க அல்ல, நிதானமாக நின்று போக. எங்களுடையது நீளம் 1 மீட்டர், அகலம் 24 செ.மீ.

இதில் ஃபைபர் கிளாஸ் எதற்கு? பலகையின் நடுவில் ஒருவர் நின்றால் அது கீழ்நோக்கி வளையும். மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் இழுபடும். மரம் பெரும்பாலும் இழுபடும் பக்கத்தில்தான் கீறல் விட்டு முறியும். அந்தப் பக்கத்தில் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்து ஒட்டிவிட்டால், இழுவையை இழை வாங்கிக்கொள்ளும்.

இது நமக்குப் புதுசு இல்லை. நெல் கொட்டி வைத்த குதிரை நினைத்துப் பாருங்கள். வெறும் களிமண் காய்ந்தால் வெடிக்கும் என்றுதான் வைக்கோல் கலந்து மிதித்தார்கள். நம் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றே இன்னொரு பெயர் உண்டு. நேராகப் பலகையில் வரைவதில்லை. மரத்தின் மேல் பசை தடவித் துணியை ஒட்டி, அதன் மேல் சுண்ணம் பூசி, பிறகுதான் வரைகிறார்கள். பலகை, துணி, பசை. லாங்போர்டும் அந்த மூன்றுதான்.

பலகைக்கு 4 மி.மீ. மரைன் பிளைவுட் தகடு மூன்று வாங்கினோம். ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கினோம். அது தண்ணீரைத் தாங்கும் ரகம். மூன்றையும் மரப் பசை தடவி அடுக்கினோம். ஒட்டாமல் அடுக்கிய மூன்று தகட்டைவிட, நன்றாக ஒட்டிய அதே மூன்று தகடு ஒன்பது மடங்கு விறைப்பாக நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று நழுவ முடியாது, அதனால்தான். பலகை நடுவில் கொஞ்சம் வில்போல எழும்பி இருக்க வேண்டும். நடுவில் 2 செ.மீ. கட்டை வைத்து, இரண்டு முனையிலும் பாரம் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் பாரத்துக்கா பஞ்சம்? ஊரிலிருந்து வந்த 25 கிலோ அரிசி மூட்டை நான்கு இருந்தது. முனைக்கு இரண்டு. ஓரங்களுக்குத் தெருமுனைத் தச்சரிடம் ஆறு சி கிளாம்ப் இரவல். ஒரு நாள் முழுக்க விட்டு எடுத்தோம். ஜிக்சாவில் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் உருட்டினோம். இதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

பிறகுதான் தவறுகள். முதல் தவறு உங்களில் பலருக்குத் தெரியும். ஐப்பசி மழை. மாடியில் வேலை செய்ய முடியாது என்று, கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பாலியெஸ்டர் பிசினைக் கலந்தேன். அதில் ஸ்டைரீன் இருக்கிறது. அதன் நெடி படிக்கட்டு வழியாக மூன்றாம் தளம் வரை ஏறியது. எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்கு ஆஸ்துமா. அவர் இருமிக்கொண்டே இறங்கி வந்து, "டீச்சர், உங்களுக்கே தெரிய வேணாமா?" என்றார். சங்கமும் வேலையை நிறுத்தச் சொன்னது. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரவு படுத்த பிறகு யோசித்தேன். மூச்சு விட முடியாதவர் கேட்ட கேள்வியில் என்ன தப்பு? மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது தவறு, நெடி குறைவு என்று எபாக்ஸிக்கு மாறியபோது. கார்த்திகையில் வீட்டு பால்கனியில் பூசினோம். ஈரக் காற்று, குளிர். மறுநாள் பார்த்தால் இறுகவில்லை. சரி, ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டிவிடலாம் என்று அடுத்த கலவையில் தாராளமாக ஊற்றினேன். ஒரு வாரம் ஆகியும் பலாப்பிசின் மாதிரி கையில் ஒட்டியது. பேத்தி ஏறி நின்றாள். துணி ஓரத்தில் தோல் மாதிரி உரிந்து வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் எனக்குப் பலகை உடைந்ததைவிடப் பெரிதாகக் கேட்டது.

அந்த வாரமே அவளை நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போனேன். 2004 சுனாமியில் அந்தக் கரையில் கட்டுமரங்களும் படகுகளும் நொறுங்கிய பிறகு, நிவாரணமாக வந்தவற்றில் ஏராளமானவை ஃபைபர் படகுகள். அவை வந்ததும் அவற்றைப் பழுது பார்க்கும் கைகளும் கூடவே வளர்ந்தன. அப்படி ஒரு தம்பி துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் பலகையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, நீங்க ரெண்டு பிசினுக்கும் ஒரே கணக்குப் போட்டுட்டீங்க" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த சமையல் கணக்கில் சொல்கிறேன். பாலியெஸ்டரில் ஊற்றும் கேட்டலிஸ்ட் உறை மோர் மாதிரி. 100 கிராமுக்கு ஒன்று இரண்டு கிராம் போதும், குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்ப அந்த அளவுக்குள் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியின் ஹார்டனர் உறை மோர் இல்லை. அது இட்லிக்கு உளுந்து மாதிரி. அரிசிக்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான். இரண்டும் ஒன்றோடு ஒன்று பிணைந்துதான் இறுகும். ஒன்று கூடினால் ஜோடி கிடைக்காத மிச்சம் பிசுபிசுவென்று உள்ளேயே தங்கிவிடும். டப்பாவில் போட்டிருக்கிற விகிதத்தைத் தராசில் நிறுத்துதான் எடுக்க வேண்டும்.

பங்குனியில் திருவையாறு பக்கம் என் தம்பி வீட்டுக்குப் போனோம். சம்பா அறுவடை முடிந்து களம் காலியாகக் கிடந்தது. கீற்றுக் கொட்டகை நிழல், நாலு பக்கமும் காற்று, வறண்ட வெயில். பழைய பலகையைச் சுரண்டி வெறும் மரமாக்கினோம். வேலையைச் சாயங்காலம் 4 மணிக்கு மேல் ஆரம்பித்தோம். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழி விடும். சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் பிசின் மரத்துக்குள் இறங்கும்.

அடியில் இரண்டு துணி, மேலே ஒன்று. அடியில் முதல் துணியின் இழை நீளவாக்கில், இரண்டாவது 45 டிகிரி சாய்வில். நீள இழை வளைவைத் தாங்கும், சாய்ந்த இழை முறுக்கைத் தாங்கும். தராசு அவள் கையில். 100-க்கு 50, ஒரு கிராம் பிசகவில்லை. நனைந்த துணி கண்ணாடி மாதிரித் தெளிய வேண்டும். வெள்ளையாக இருந்தால் அங்கே பிசின் போகவில்லை என்று அர்த்தம். பழைய ஏடிஎம் அட்டையால் மிச்சப் பிசினை வழித்துவிட்டோம். பிசின் அதிகம் என்றால் பலம் அதிகம் இல்லை, எடைதான் அதிகம்.

மூன்றாம் நாள் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, ஈர உப்புத்தாள் போட்டு, மேலே சொரசொரப்பான ஒட்டுத்தாள் ஒட்டினோம். சக்கரமும் அச்சும் மட்டும் ஆன்லைனில் வாங்கியது. பேரிங் 608, நம் ஊர் பேரிங் கடையிலேயே கிடைக்கும்.

உடனே அவளை ஏற விடவில்லை. செங்கல் இரண்டை 70 செ.மீ. இடைவெளியில் வைத்து, அதன் மேல் பலகை, அதன் மேல் அரிசி மூட்டை நான்கு. 100 கிலோ. துணி ஒட்டுவதற்கு முன் இதே பாரத்துக்கு 2.5 செ.மீ. இறங்கியது. இப்போது 1.8. இரவு முழுக்க விட்டோம். காலையில் மூட்டையை எடுத்ததும் பழைய வில் அப்படியே திரும்பி வந்தது. பேத்தி 42 கிலோதான். ஏறி நின்று, இரண்டு முறை மெதுவாக அமுங்கிப் பார்த்து, "அம்மாயி, உயிரோட இருக்கு" என்றாள். களத்திலேயே மூன்று தடவை விழுந்தாள். ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் இருந்ததால் சிராய்ப்போடு போனது.

யாராவது செய்து பார்க்க நினைத்தால் இவற்றை மட்டும் மறக்காதீர்கள். மூடிய இடத்தில், வீட்டுக்குள், கார் நிறுத்துமிடத்தில் பிசின் கலக்கவே கூடாது. கையுறை, கண்ணாடி, ரசாயன ஆவிக்கான முகமூடி வேண்டும். துணி முகமூடி பயன்படாது. கண்ணாடி இழையைத் தேய்க்கும் தூசி தோலில் அரிக்கும், நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். கலந்த பிசினை ஆழமான டப்பாவில் விட்டால் தானே சூடேறிப் புகையும், குப்பைத் தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கலாம். அகலத் தட்டில் பரப்பி, இறுகிய பிறகே எறிய வேண்டும். பாலியெஸ்டர் பயன்படுத்தினால் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, குபீரென்று தீப்பிடிக்கும். பிள்ளைகள் தனியாக இதைச் செய்யவே கூடாது.

இப்போது என் வேண்டுகோள். நம் வளாகத்தில் சக்கர விளையாட்டுக்குத் தடை என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கார் வரும் இடத்தில் பிள்ளைகள் ஓட்டக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அனுமதி இல்லாமல் அவளை விட்டது என் தப்பு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் பாதையில் கார் வருவதில்லை. ஞாயிறு காலை 6 முதல் 7.30 வரை, ஹெல்மெட் போட்ட பிள்ளைகளுக்கு மட்டும், பெரியவர் ஒருவர் கூடவே நின்றால் மட்டும், அந்தப் பாதையைத் தர முடியுமா? முதல் மூன்று மாதம் நான் நிற்கிறேன். சத்தம் தொந்தரவு என்று ஒரு வீடு சொன்னாலும் நேரத்தை மாற்றிக்கொள்வோம். ஒரு வீடு சொன்னதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே படித்துவிட்டேன்.

அவள் இப்போது அறைக்கதவைச் சாத்துவதில்லை. சி பிளாக் பிள்ளைகள் மூன்று பேர் தினமும் வந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பேச்சுத் துணை கிடைத்துவிட்டது. ஓட்ட இடம்தான் பாக்கி. முடிவு உங்களுடையது. வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை, திருவையாற்றுக் களம் இருக்கிறது. ஆனால் அங்கே இந்த மூன்று பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள்.

பலகையைக் கீழே மேசையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பாருங்கள், அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.