ஆறு வயதில் முளைக்கும் பல்

(தோட்டச் சங்கக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசும் மேடையில் பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பல்வலியால் அழுத பிள்ளையை விடிய விடிய மடியில் வைத்திருந்துவிட்டு, கண் எரிச்சலோடு பெரட்டுக்கு வந்து நின்ற தாய்மார் இங்கே எத்தனை பேர் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

"பால்பல்தானே, எப்படியும் விழப்போகிறது" என்கிறோம். பால்பல் மொத்தம் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும் என்பது உண்மை. கடைவாய்ப் பால்பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்து வேலை செய்ய வேண்டியவை. அவை முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். அடியிலிருந்து வரவேண்டிய பல் வழியில்லாமல் கோணலாக வரும்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. ஆகவே யாரும் கவனிப்பதில்லை. கண்ணில் பட்டாலும் பால்பல் என்றே நினைத்து விடுகிறோம். இவை ஆயுள் முழுவதும் சோறு மெல்ல வேண்டிய பற்கள். போனால் மறுபடி முளைக்காது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதாலும், மற்றப் பற்களின் மட்டத்திற்கு உயர மாதக்கணக்கில் ஆவதாலும் பிரஷ் அங்கே எட்டுவதில்லை. சொத்தை முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

சொத்தைக்குக் காரணம் புழு என்று இன்னும் சொல்லுகிறார்கள். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லை அரிக்கிறது. ஒரே வேளையில் நாலு மிட்டாய் தின்பதைவிட, நாள் முழுவதும் ஒவ்வொன்றாகச் சப்புவது அதிகக் கெடுதல். டின்பால் கலந்த புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் குழந்தையின் முன்பல் கறுத்துப்போவதும் இதனால்தான். ஆயாக்கொட்டகையிலும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். தூங்கப்போகும் பிள்ளைக்குப் புட்டி வேண்டுமானால் வெறும் தண்ணீர் போதும்.

காலையில் இருட்டோடு எழுந்து மரத்துக்குப் போகிறவர்களிடம் பிள்ளைக்குப் பல் விளக்கிவிடு என்று உபதேசம் செய்வது சுலபம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. காலையில் பாட்டியோ அக்காவோ பார்த்துக்கொள்ளட்டும். இராத்திரி படுக்கப்போகுமுன் விளக்குவதுதான் முக்கியம். அந்த நேரத்தில் தாயோ தகப்பனோ வீட்டில் இருக்கிறோம். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கைக்கு அந்தப் பக்குவம் வராது. பெரியவர்கள்தான் பிரஷைப் பிடிக்க வேண்டும். விளக்கியபின் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பசையிலுள்ள மருந்து போய்விடும்.

அந்த மருந்தின் பெயர் புளோரைட். நம் நாட்டில் 1972இல் அமைச்சரவை சம்மதித்தபின் பல மாநிலங்களில் குழாய்த் தண்ணீரில் இதைக் கலந்தார்கள். ஆற்றிலோ கிணற்றிலோ இறைத்துத் தோட்டமே கொடுக்கும் தண்ணீரில் அது கலப்பதில்லை. அப்படிப்பட்ட லயங்களில் பற்பசை இன்னும் அவசியம். மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதன்பின் பட்டாணியளவு. உமிக்கரியில் பல் வெளுக்கலாம், புளோரைட் கிடையாது.

இனிப் படிவத்துக்கு வருவோம். 1949இல் பினாங்கில் பல் தாதிகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள், நியூசிலாந்தில் 1921 முதல் நடந்துவந்த முறையைப் பார்த்து. பிள்ளைகளின் பல்லுக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். அந்த வழியில்தான் இன்றும் பள்ளிக்கூடத்துக்குப் பல் அணியினர் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களைச் சொத்தை பிடிக்குமுன் பூசி அடைத்துவிடவும் அவர்களால் முடியும். ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளையின் வாயில் கை வைக்கமாட்டார்கள்.

அங்கேதான் நாம் தடுக்கி விழுகிறோம். படிவம் மலாயில் இருக்கிறது. புத்தகப் பைக்குள்ளேயே கசங்கிக் கிடக்கிறது. "பல்லைப் பிடுங்கிவிடுவார்கள்" என்ற பயத்தில் சிலர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வலி வந்தபின் கிராம்புத் தைலமும் டிரெசர் கொடுக்கும் மாத்திரையும் ஓரிரவு தாங்கும், ஓட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. அன்றைக்குப் பெற்றோரில் ஒருவருக்குக் கூலியும் போகும்.

கிராணிமார்களே, கணக்குப் புத்தகம் எழுதும் கைக்கு இந்தப் படிவத்தை வாசித்துச் சொல்லுவது பாரமில்லை. பால் நிறுத்து முடிந்தபின், பிற்பகலில், பிள்ளைகளைப் பல் மருந்தகத்துக்கு ஏற்றிச்செல்ல மாதம் ஒரு முறை வேன் வேண்டுமென்று கிளையின் சார்பில் நிர்வாகத்துக்கு எழுதவும் தீர்மானம் கொண்டுவருகிறோம். பிற்பகலில் போனால் யாருக்கும் வேலைநாள் கெடாது. மறுப்பதற்கு நிர்வாகத்திடம் நியாயமான காரணம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

படிவம் வந்த வீட்டார் நாளை பிற்பகல் ஆபீஸ் வராந்தாவுக்கு அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். வரி வரியாகத் தமிழில் சொல்லுகிறோம், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் அதையும் கூட்டி வாருங்கள். பின்பல் முளைத்திருக்கிறதா என்று டார்ச் லைட் அடித்துப் பார்த்துவிடலாம்.