எந்தக் கை முதலில்?

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன பெரியவர். அவருக்குச் சட்டை மாட்டிவிட வேண்டும். எந்தக் கையை முதலில் நுழைப்பீர்கள்?

அமெரிக்க முதியோர் இல்லங்களில் செவிலி உதவியாளர் வேலைக்கு வருகிறவர்கள் இதைச் செய்து பழகித்தான் தேற வேண்டும். 1987-இல் அங்கே சட்டம் வந்தது. குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. அதில் 16 மணி நேரமாவது நர்ஸின் மேற்பார்வையில் கையால் செய்து பழக வேண்டும். என்னைக் கேட்டால், இதுவே குறைவு.

விடைக்கு வருவோம். போடும்போது முடியாத கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். ஏன்? நல்ல கை வளையும். மிச்சத் துணிக்குள் தானாகப் புகுந்துகொள்ளும். முடியாத கை அப்படி வளையாது. இழுத்தால் தோள்மூட்டு பாதிக்கப்படும்.

சட்டைக் கைக்குள் நுனிவழியாக உங்கள் கையை விடுங்கள். அவர் கையைப் பிடித்துத் தாங்குங்கள். துணியை மெல்ல மேலே ஏற்றுங்கள். கையை இழுக்காதீர்கள், துணியை நகர்த்துங்கள்.

மறந்துவிடாதீர்கள். போடும்போது முடியாத கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில்.

தொடுவதற்கு முன்னால், “தாத்தா, சட்டை போடப்போறேன்” என்று சொல்லுங்கள். எந்தச் சட்டை வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அந்த அமெரிக்கப் பயிற்சியில் இதையும் சொல்லித்தருகிறார்கள்.