முன்பணம் தீராத வீட்டுப் பிள்ளை

(மண்டகப்பட்டில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

போன வருஷம் நாங்கள் நோட்டும் பையும் கொடுத்த பிள்ளைகளில் ஒருவன், இரண்டே மாதத்தில் செஞ்சியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நின்றான். வயது பதின்மூன்று. அவன் தாயிடம் கோபமாகத்தான் கேட்டோம். அத்தாவின் ஆபரேஷனுக்கு ஷெட்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள்; அதற்குப் பையன் உழைக்கிறான். பை கொடுத்த நாங்கள் அந்த வீட்டுக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

பசி மட்டுமே காரணமென்றால், 1982-இல் விரிவான சத்துணவும் 2022-இல் வந்த காலை உணவும் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தியிருக்க வேண்டும். சோறு கிடைக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரே நாளில் பணம் தருபவர்தான் கிடைப்பதில்லை.

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, தெற்கே மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் நம் வீடுகளைப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தாய் இலை வெட்டுவாள், அக்கா தூள் வைத்துச் சுருட்டுவாள், முனை மடக்குவது சின்ன விரல்களுக்கு. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் வீட்டிலுள்ள எல்லாக் கையும் வேலைக்கு வந்துவிடும். 1986 சட்டம் பீடித் தொழிலில் சிறுவர்களைத் தடுத்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்தால் விலக்கு என்றும் சொன்னது. வேலூர்ப் பக்கம் இன்னொரு கொடுமையும் நடந்தது. பிள்ளையின் பேரில் முன்பணம் வாங்கினால், வாரக் கூலி அசலில் கழியாது. மொத்தமாகக் கட்டினால்தான் பிள்ளை வீடு திரும்பும்.

பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, சட்டம் வந்துவிட்டது. 2016 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. இதை அந்தத் தாயிடமும் சொன்னோம். "சரிதான் பாய், அடுத்த தடவை அவசரம்னா நான் யார்கிட்ட போவேன்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

ரமலானில் ஜகாத்தை ஐம்பது, நூறாகப் பிரித்து வாசலில் கொடுக்கிறோம். வாங்குபவருக்கு அன்றைய செலவு தீரும், கடன் அப்படியே இருக்கும். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு என்பது அத்தவ்பா அத்தியாயம் 60-ஆம் வசனத்தில் இருக்கிறது. மதரஸாவில் ஓதியவர்கள்தாம் நாங்களும், மறந்துதான் போனோம்.

ஆகவே இந்த வருஷம் கூட்டு ஜகாத்தில் ஒரு பங்கை, பிள்ளைகளை வேலையில் பிடித்து வைத்திருக்கும் கடன்களை அடைக்க ஒதுக்குகிறோம். மருத்துவ அவசரத்துக்கு வட்டியில்லாக் கடன் தனி. அது ஸதகாவிலிருந்து, ஜகாத் பணத்தைத் தொடமாட்டோம். கேட்டு வருபவர் பெயர் இந்த மடலில் வராது, போட்டோவும் எடுக்கமாட்டோம்.

அந்தப் பையனின் கணக்கு முந்தாநாள் முடிந்தது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறான். விட்டுப்போன எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை மஃரிபுக்குப் பின் சொல்லிக்கொடுக்க, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.