காலைக் குளிரில் எஞ்சின்



பதுளை நகரில் நான் குடியிருக்கும் வீதியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு இரண்டு ஒலிகள் தவறாமல் கேட்கும். ஒன்று, விகாரையிலிருந்து மிதந்து வரும் பிரித் ஓதல். மற்றொன்று, எதிர்வீட்டு இளைஞர் தம்முடைய காரை முடுக்கி, நின்ற இடத்திலேயே அதனை உறுமவைக்கும் ஓசை. நான்கைந்து முறை உச்சக் குரலில் உறுமிய பின்னர் வண்டி வாயிலைத் தாண்டிப் பாயும். ஒருநாள் வினவினேன். "எஞ்சினைச் சூடாக்குறேன் சேர்" என்றார். சூடாக்குவது நல்ல எண்ணந்தான். அவர் செய்வது சூடாக்குவதாகுமா என்பதே இன்றைய பேச்சு.

நான் கலைப் பட்டதாரி, பொறியியல் கற்றவனல்லன். இதைப்பற்றிப் பேசும் துணிவு எனக்கு என் தந்தையார் வழியாக வந்தது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் எஞ்சின் டிரைவராகப் பணியாற்றினார். தொழிற்சாலை என்றால் தோட்டத்து மக்களுக்கு விளங்காது; ஸ்டோர் என்பார்கள். அங்கே ஆள் உயரத்துச் சக்கரத்தோடு ஒரு பழைய டீசல் எஞ்சின் இருந்தது. கொழுந்து உருட்டும் ரோலர்கள் யாவும் அதன் வார்ப்பட்டைகளிலேயே சுழன்றன. அதிகாலையில் அழுத்தக் காற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்ட பின், தந்தையார் உடனே சுமையேற்றமாட்டார். தண்ணீர் வெளியேறும் குழாயின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கைக்குச் சூடு தெரிந்ததும் ஒரு ரோலர். சிறிது பொறுத்து இன்னொன்று. புதிதாக வந்த டீமேக்கர் ஒருவர், "கொழுந்து வாடிக் கிடக்குது, என்ன மசக்கம்?" என்று கடிந்துகொண்டபோது, "இரும்பும் முழிக்கணுமில்லீங்களா ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அந்த விழிப்பு என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது ஒயில் என்னும் மெல்லிய படலம். சாதாரணமான ஒயில், 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 100 பாகையில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு தடிப்பாக இருக்கும். நம் பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ மார்கழிக் காலையில் வெப்பம் 15 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். அப்பொழுது அத்தடிப்பு இருபது மடங்கையும் தாண்டும். பாணியைப் போன்ற அந்த ஒயிலைப் பம்பு தள்ளப் பார்க்கும். அழுத்தம் அளவு மீறிப்போகும். உடனே ஒரு வால்வு திறந்து, ஒயிலின் ஒரு பகுதியை வந்த வழியே தொட்டிக்குத் திருப்பிவிடும். அழுத்தம் காட்டும் ஊசி உயர்ந்து நிற்பதைக் கண்டு ஓட்டுநர் மகிழ்வார். ஆனால் ஒயில் போகவேண்டிய இடுக்குகளுக்குப் போதிய அளவு போயிராது.

பிஸ்டனின் கதை வேறு. பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. பல எஞ்சின்களில் அது ஓடும் சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். மெல்லச் சூடேற்றினால் இரண்டும் ஒன்றையொன்று அனுசரித்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினை ஒரேயடியாக மிதித்தாலோ, நெருப்பின் நேர்முகத்திலுள்ள பிஸ்டன் முந்திக்கொண்டு விரிய, சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் குளிர்ந்தே கிடக்கும். இடைவெளி இறுகிப் பிஸ்டன் சுவரைக் கீறும். சில வேளை சிக்கி நின்றேவிடும்.

அப்படியானால் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடலாமே என்பார் உளர். நம் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அதிலும் குறையுண்டு. சும்மா ஓடும் எஞ்சின் மிகச் சொற்பமான வெப்பத்தையே உண்டாக்கும். குளிர்ந்திருக்கும் வரையில் அதற்குப் பெற்றோல் கூடுதலாகவே ஊட்டப்படுகிறது. எரியாது எஞ்சிய பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். சோக் இழுத்து ஓட்டும் பழைய வண்டிகளில் இத்தீமை இன்னும் அதிகம். மேலும், கியர்ப்பெட்டியும் சில்லுகளும் நின்ற இடத்தில் சூடேறுவதேயில்லை.

இவ்விடத்தில் என் பழைய மாணவர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அவர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கராஜில் தொழில் பழகி, சொந்தச் சேமிப்போடு, தந்தையார் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் ஒரு பங்கையும் சேர்த்து, இருவர் அமரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு வருடம் உழைத்து அதனைப் புதுக்கினார். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தில் ஒருமுறையாவது ஓடவேண்டும் என்பது அவர் கனவு. கார்கள் ஒவ்வொன்றாக, கடிகாரத்தை எதிர்த்து மலையேறும் போட்டி அது. புறப்பட்ட கணத்திலிருந்தே முழு விசையும் வேண்டும்.

ஒரு தைமாதக் காலையில் பரீட்சித்துப் பார்க்கப் புறப்பட்டார். முற்றத்தில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். பின்பு தோட்டப் பாதையில் நான்கு கிலோமீற்றர் இறக்கம். அடிவாரத்துப் பாலத்தைத் தாண்டியதும் கும்பல்வெலச் சந்தியை நோக்கி ஏற்றம் தொடங்குகிறது. அங்கே மிதித்தார். மூன்றாவது வளைவில் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பிஸ்டனைத் தாங்கும் கையின் பேரிங் போய்விட்டது.

"தண்ணி ஊசி நடுவுக்கு வந்திருச்சு சேர், அதுக்குப் பெறகுதான் அமுக்கினேன்" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. தந்தையாரின் பணத்தை எண்ணித்தான் அவர் அப்படிக் கலங்கினார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஊசி காட்டியது தண்ணீரின் வெப்பத்தை. தண்ணீர் முதலில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதால் சில நிமிடங்களில் சூடேறிவிடும். ஒயில் சூடேற அதைப்போல் இரு மடங்கு நேரமேனும் எடுக்கும். பழைய வண்டிக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்று கேட்டு அவர் அதையே ஊற்றியும் இருந்தார். இவற்றோடு நம் ஊவாவுக்கே உரிய ஒரு பொறியும் சேர்ந்துகொண்டது. நம் தோட்டங்கள் பலவற்றில் வீடு மேலே, பெருந்தெரு கீழே. காலையில் வண்டி முதலில் இறங்குகிறது. இறக்கத்தில் எஞ்சின் உழைப்பதில்லை. உழையாத எஞ்சின் சூடேறுவதுமில்லை. தூரத்தை மட்டும் கணக்கிட்டு, நான்கு கிலோமீற்றர் ஓடிவிட்டோமே என்று எண்ணுகிறோம். சமவெளியில் எழுதப்படும் கைந்நூல்களில் இந்தக் கணக்கு இராது.

ஓட்டப் பந்தயக்காரர் இதனை நன்கு அறிவர். போர்முலா வன் கார்களின் எஞ்சினை முடுக்குமுன், வெளியிலிருந்து சுடுநீரை உள்ளே செலுத்திச் சுற்றவிடுகிறார்கள். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் எம் வகைக் கார்கள் சிலவற்றில், எஞ்சின் சுழற்சியைக் காட்டும் வட்டத்தில் சிறு விளக்குகள் எரியும்; ஒயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணைந்து, இனி இவ்வளவு போகலாம் என்று வழிவிடும். அந்தக் குழாய்மேல் வைத்த கைதான் இங்கே விளக்காக வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

வேகத்தைப் புகழ்வதற்காக நான் இங்கு வரவில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று பார்வையாளரிடையே பாய்ந்து எழுவர் உயிரிழந்ததை நம் மாகாணம் மறக்கவில்லை. அது வேறு காரணத்தால் நேர்ந்தது. ஆயினும் பெருந்தெருவில் பந்தயம் ஓட எண்ணும் எவருக்கும் என் ஒத்தாசை கிடையாது.

செய்யவேண்டியது சிக்கலானதன்று. எஞ்சினை முடுக்கி அரை நிமிடம் பொறுங்கள், உறுமவைக்காதீர்கள். பின் புறப்பட்டு, அரை மிதியில், சுழற்சி மூவாயிரத்தைத் தாண்டாமல் ஓட்டுங்கள். தண்ணீர் ஊசி நடுவுக்கு வந்தபின்பும் இன்னொரு பத்து நிமிடம் அவ்வாறே செல்லுங்கள். இறக்கத்தில் கழிந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஏற்றம் முதலில் வந்தால் சிறிய கியரில், மெல்ல ஏறுங்கள். பெரிய கியரில் திணறவைப்பதும் தீங்கே. முச்சக்கரவண்டிக்காரருக்கும் கொழுந்து லொறிக்காரருக்கும் இதனைச் சேர்த்தே சொல்கிறேன். ஒரு பேரிங் போனால் அவர்களுக்கு மாதவருமானமே போய்விடும்.

இதற்கு ஒரு விலக்குண்டு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். நடுநிசியில் லயத்துப் பெண்ணொருத்திக்குப் பிரசவ வலி கண்டு, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறியை எடுத்தார்கள். பனியில் உறைந்து கிடந்த எஞ்சினை முடுக்கிய கையோடு டிரைவர் மிதித்த மிதியில், மலை முழுவதும் அதிர்ந்தது. தந்தையார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எஞ்சின் கெட்டுப் போகாதாப்பா?" என்றேன்.

"போனாப் போவுது. அதைப் பிரிச்சுப் போட்டுப் பார்த்துக்கலாம்" என்று சொல்லி, லொறியின் சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றார்.

என் மாணவர் தண்டைக் கடைந்து, புதுப் பேரிங் போட்டுவிட்டார். ஒயிலின் வெப்பத்தைக் காட்டும் தனி ஊசியொன்றையும் இப்பொழுது பொருத்தியிருக்கிறார். வருகிற சித்திரையில் நுவரெலியாவுக்குப் போவதாகச் சொல்கிறார்.