விருந்தினரை அளந்து அழைக்கும் நாடு

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பகல் முழுவதும் வரவு செலவுக் கணக்கும் திட்ட மதிப்பீடும் கேட்டுக் களைத்திருக்கிறீர்கள். ஆகவே, மாலையிலேனும் வேறு பொருள் பேசுங்கள், நீங்கள் சென்று வந்த பூட்டான் நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று முகாமை நடத்துவோர் பணித்தனர். மகிழ்ச்சியோடு இசைந்தேன். எனினும், அந்த நாட்டைப் பற்றிப் பேசப் புகுந்தால் கணக்கையும் திட்டத்தையும் விட்டு நெடுந்தூரம் விலகிச் செல்ல முடியாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக் கொள்கிறேன்.

பூட்டான் இமயமலைச் சாரலில் உள்ள சிறு நாடு. வடக்கே திபெத்து, மற்ற மூன்று புறமும் நம் பாரதம். பரப்பு 38,394 சதுர கிலோமீட்டர். அதாவது, நம் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறக்குறைய 7 இலட்சத்து 27 ஆயிரம். நம்மூர்ப் பெரிய நகரம் ஒன்றில் இதனினும் மிகுதியான மக்கள் வாழ்கின்றனர். 1958-இல் பண்டித நேரு அங்குச் சென்றபோது மோட்டார்ச் சாலை கிடையாது. குதிரை மீதும் கவரிமாவின் மீதும் அமர்ந்து மலைகளைக் கடந்தே போய்ச் சேர்ந்தார். பின்னர் 1961-இல் நம் எல்லைச் சாலை அமைப்பினர் 'தந்தக்' என்னும் திட்டத்தைத் தொடங்கிச் சாலைகளை வெட்டினர். அச்சாலையில்தான் நாங்களும் எல்லை நகரான புயென்ட்ஷோலிங்கிலிருந்து மலையேறினோம்.

அயல்நாட்டார் சுற்றிப் பார்ப்பதற்கென்று அந்நாட்டின் கதவு திறந்தது 1974-இல். நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் முடிசூடிய ஆண்டு அது. அவ்வாண்டு வந்த பயணிகள் 287 பேர். விருந்தினர் கூட்டமாக வந்து குவிந்தால் கோயிலும் குடியும் சந்தைக் கடையாகிவிடும் என்று அஞ்சிய அரசினர், குறைந்த எண்ணிக்கை, மிகுந்த வருவாய் என்பதைக் கொள்கையாகக் கொண்டனர். வருவோர் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி, உரிமம் பெற்ற வழிகாட்டியுடன், முன்னரே வகுத்த பாதையில் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியராகிய நமக்கு நெடுங்காலம் அக்கட்டணம் இல்லை. 2019-இல் வந்தோர் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியது. அவருள் பெரும்பாலோர் நம்மவரே. நோய்த்தொற்றுக் காலத்தில் மூடிய கதவை 2022 செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது, நமக்கும் இரவு ஒன்றுக்கு 1,200 ரூபாய் என்று விதித்தனர். பிற நாட்டார்க்கு 200 டாலர் என்றனர். அதற்கு ஆள் வரவில்லை, விடுதிகள் வெறிச்சோடின. மறு ஆண்டே 100 டாலராகக் குறைத்தனர். தாமே விதித்ததை ஓராண்டுக்குள் தாமே பாதியாக்கியதை நான் குறையாகக் கருதவில்லை. வரி விதித்த பின் ஊரைத் திரும்பிப் பார்க்கும் நிர்வாகம் நல்ல நிர்வாகமே.

பணமுள்ளவனுக்கு மட்டுந்தானா மலையும் கோயிலும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் கேட்டேன். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர், முழங்கால் அளவு நின்று இடுப்பில் கச்சை கட்டிய 'கோ' என்னும் அங்கியை அணிந்தவர், சிரித்துக்கொண்டே, "எங்கள் பிள்ளைகள் பணம் கட்டாமல் படிக்கிறார்கள், லா, மருத்துவமனையில் பணம் கட்டாமல் மருந்து வாங்குகிறோம், லா. அதில் உங்கள் 1,200 ரூபாயும் இருக்கிறது" என்றார். 'லா' என்பது அவர்கள் மொழியில் மரியாதை காட்டும் ஒட்டு. நாம் 'வாங்க', 'போங்க' என்கிறோமே, அதைப் போன்றது.

தலைநகர் திம்புவைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. போக்குவரத்து விளக்கே இல்லாத தலைநகரம் என்பதும், நாற்சந்தியில் ஒரு காவலர் நின்று கையாலேயே வண்டிகளை நடத்துவதும் காணத்தக்கவை. கட்டடம் எழுப்புவோர் மரபுவழிச் சாளரமும் கூரையும் அமைத்தாக வேண்டும் என்பது விதி; அதனால் வங்கியும் துணிக்கடையுங்கூடப் பழைய மாளிகை போன்று தோன்றுகின்றன.

புனாக்காவுக்கு வருவோம். ஆண் ஆறு, பெண் ஆறு என்று பொருள்படும் போ சூ, மோ சூ என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், 1637-இல் ஷப்துருங் ஙாவாங் நம்கியால் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. அவர்கள் மொழியில் 'ஜோங்' என்பர். ஒரே மதிலுக்குள் ஒரு பாதி மாவட்ட அலுவலகம்; மறு பாதி துறவியர் மடம். நிலப்பதிவுக்கு வந்த உழவர் ஒரு வாயிலிலும் பூசைக்கு வந்த மூதாட்டி மற்றொரு வாயிலிலும் நுழைவதைக் கண்டேன். உள்ளூரார் கோட்டைக்குள் வரும்போது தோளில் ஒரு துண்டு அணிதல் வேண்டும். குடிமகனுக்கு வெள்ளை, மன்னருக்கு மஞ்சள் என்று அதன் நிறமே பதவியைச் சொல்லும். பதவி வந்தவுடன் துண்டின் நிறம் மாறுவது நமக்குப் புதிதன்று என்று உடன் வந்த நண்பர் ஒருவர் சொன்னதை இங்கே அழுத்திச் சொல்லாமல் விடுகிறேன்.

இந்தக் கோட்டைக்கு 1994 அக்டோபரில் பெருந்தீங்கு நேர்ந்தது. வடக்கே லுனானா மலைப்பகுதியில் பனிப்பாறை உருகித் தேங்கிய ஏரி ஒன்று கரை உடைந்து, ஆற்றில் வெள்ளம் பாய்ந்து, உயிர்களைக் கொண்டு போயிற்று. வயல்கள் மணல் மூடின. கோட்டையின் ஒரு பகுதியும் சிதைந்தது. கோட்டையைப் பழைய முறையிலேயே செப்பனிட்டனர். ஆற்றங்கரை ஊர்களில் இன்று எச்சரிக்கைச் சங்குகள் நிறுவப்பட்டுள்ளன. விருந்தினர் பார்ப்பது கோட்டையை; ஊரார் கேட்டுக்கொண்டிருப்பது அந்தச் சங்கை.

என் நெஞ்சில் ஆழப் பதிந்தது போப்ஜிக்கா என்னும் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில், நடுவே சதுப்பு நிலமும் சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்களுமாகக் கிடக்கிறது. அக்டோபர் இறுதியில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கி, குளிர்காலம் முழுவதும் தங்கி, பிப்ரவரி, மார்ச்சில் திரும்புகின்றன. வரும்போதும் போகும்போதும் மேட்டிலுள்ள காங்தே மடத்தை மும்முறை வலம் வருகின்றன என்பது ஊரார் நம்பிக்கை.

இப்பள்ளத்தாக்குக்கு மின்சாரம் வர வேண்டிய காலம் வந்தது. கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் செலவு குறைவு, வேலையும் விரைவு. ஆனால், பெரிய சிறகுடைய கொக்குகள் மாலை மங்கலில் கம்பியில் மோதி மடியும். ஆகவே, அயல்நாட்டு உதவியும் பெற்று, பள்ளத்தாக்கில் மின்வடத்தை மண்ணுக்கடியில் புதைத்தே கொண்டு சென்றனர். அதுவரை ஊரார் சூரிய ஒளி விளக்கையும் விறகையும் கொண்டே காலம் தள்ளினர். ஒரு கம்பத்தை எந்தத் தெருவில் நடுவது என்பதற்கே மூன்று கூட்டம் நடத்தும் நமக்கு, பறவைக்காக ஊரே பொறுத்திருந்த செய்தி வியப்பளிக்கும்.

வியப்போடு நிற்கலாகாது, அதன் கணக்கையும் காண வேண்டும். சதுப்பு நிலத்தை வடித்தால் உருளைக்கிழங்குக்கு இன்னும் நிலம் கிடைக்கும். உருளைக்கிழங்குதான் அவ்வூரின் பணப்பயிர். அந்த ஆசையை அடக்கிய உழவனுக்கு என்ன கைம்மாறு? 1998 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் நாள் மடத்தின் முற்றத்தில் கொக்குத் திருவிழா நடத்துகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடம் பூண்டு ஆடுகின்றனர். பெண்கள் நெசவையும் ஊரில் விளைந்ததையும் விற்கின்றனர். விருந்தினரை உழவர் வீடுகளிலேயே தங்க வைக்கின்றனர். கொக்கு உயிரோடிருந்தால்தான் விருந்தினர் வருவர் என்பதை ஊர் கண்டுகொண்டது. பறவைகள் தங்கும் பனிக்காலத்தில் கிழங்கு வயல் வெறுமையாகக் கிடப்பதும் இந்த உடன்பாட்டை எளிதாக்கிற்று என்று கருதுகிறேன்.

அத்தகைய உழவர் வீடு ஒன்றில் ஓர் இரவு தங்கினோம். கீழ்த்தளச் சுவர் மண்ணைச் சட்டத்துக்குள் கொட்டி இடித்துக் கெட்டித்தது. முழங்கை நீளத்துக்கும் மேலான கனம். மேலே மரத்தளம். வீட்டுக்காரம்மாள் இடுப்பில் வார் கட்டி நெய்யும் தறியில் அமர்ந்திருந்தார். நிலமும் வீடும் அவர் பெயரில்தான். நாட்டின் மேற்குப் பகுதிகளில் தாயின் சொத்து மகளுக்குச் சேர்வது வழக்கம். உணவு படைத்தபோது வழிகாட்டி வாயைக் கையால் பொத்தி, "வேண்டா, வேண்டா" என்னும் பொருளில் இரு முறை மறுத்து, மூன்றாம் முறை ஏற்றுக் கொண்டார். முதல் முறையே தட்டை நீட்டிய எங்களைக் கண்டு வீட்டுக் குழந்தைகள் சிரித்தன. சிவப்பரிசிச் சோறு, அதனுடன் 'எமா தட்ஸி' என்னும் குழம்பு. எமா என்றால் மிளகாய், தட்ஸி என்றால் பாலாடைக்கட்டி. நமக்கு மிளகாய் சேர்மானப் பொருள். அவர்களுக்கு அதுவே காய். எங்களுள் காரத்துக்கு அஞ்சாதவர் என்று பெயரெடுத்த ஒருவர் அன்று மோர் கேட்டார்.

சாப்பாட்டிற்குப் பின் பேச்சு வயலுக்குத் திரும்பியது. நாட்டின் நிலப்பரப்பில் என்றென்றும் நூற்றுக்கு அறுபது பங்கு காடாக இருத்தல் வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் விதிக்கிறது. உண்மையில் எழுபது பங்களவில் காடு இருக்கிறது. உலகம் இதனைப் புகழ்கிறது. அவ்வீட்டுப் பெரியவரோ, "காடு வளர்ந்தது, காட்டுப்பன்றியும் வளர்ந்தது" என்றார். அறுவடைக் காலத்தில் பல ஊர்களில் வயலில் பரண் கட்டி, இரவெல்லாம் விழித்திருந்து கத்தி விரட்டுகின்றனர். மின்வேலி போடும் வேலை நடந்து வருகிறது. தளி, ஆனைகட்டிப் பக்கத்து உழவர்க்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் பரணில் விழித்திருக்க ஆள் வேண்டுமே? அங்கேதான் துன்பம். 'கூங்தோங்' என்று ஒரு சொல்லை அங்கு அடிக்கடி கேட்கலாம்; ஆளில்லாத வீடு என்பது பொருள். கிழக்கு மாவட்டங்களில் படித்த பிள்ளைகள் திம்புவுக்கும், அண்மை ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட, பூட்டிய வீடும் புதர் மண்டிய வயலும் பெருகி வருகின்றன. உண்ணும் அரிசியில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து செல்கிறது. விருந்தினரின் பணமோ பாரோ, திம்பு, புனாக்கா என்னும் மேற்கு ஊர்களிலேயே பெரிதும் தங்கிவிடுகிறது. ஆள் மிகவும் தேவைப்படும் கிழக்கிற்கு விருந்தினர் சிலரே செல்கின்றனர். கட்டணக் கொள்கை காட்டையும் கோயிலையும் காத்தது. ஏர் பிடிக்கும் கையைக் காக்க அது மட்டும் போதவில்லை என்பதே நான் கண்டது.

மற்றொன்றையும் சொல்லாமல் விட்டால் உரை நேர்மையாகாது. மரபுடையும் மரபு ஒழுக்கமும் எல்லோர்க்கும் கட்டாயம் என்று 1989-இல் வந்த ஆணையும், அதற்குமுன் 1985-இல் வந்த குடியுரிமைச் சட்டமும் தெற்கே வாழ்ந்த நேபாள மொழி உழவரைக் கடுமையாகத் தாக்கின. 1990-க்குப் பின் ஓர் இலட்சம் பேர் அளவில் வீடும் நிலமும் இழந்து நேபாளத்து முகாம்களில் வாழ்ந்தனர். 2007-க்குப் பின் அவருள் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய தொலைநாடுகளில் குடியேறினர். வழிகாட்டி காட்டும் பாதையில் இந்த வரலாறு வராது. கண்ணுக்கு அழகாயிருக்கும் ஒரே நிற உடைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

அவர்களுடைய பஞ்சாயத்தைப் பற்றி உங்களுள் சிலர் முன்னமே கேட்டீர்கள். நாடு 20 மாவட்டங்களாகவும் அவை 205 'கேவோக்'குகளாகவும் பிரிந்துள்ளன. கேவோக்கின் தலைவர் 'கப்'; துணைத் தலைவர் 'மாங்மி'; சிற்றூர் உறுப்பினர் 'ஷோக்பா'. நம் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் போன்றே கட்சிச் சார்பு இல்லாத தேர்தல். ஆனால், போட்டியிடுவோர் எழுதப் படிக்கவும் அலுவல் நடத்தவும் வல்லவர்தாம் என்று முதலில் ஒரு தேர்வில் தேற வேண்டும். இதைக் கேட்டு முன்வரிசையில் சலசலப்பு எழுவதைக் காண்கிறேன். அதன் நன்மை தீமைகளை நாளைக் காலை வகுப்பில் விவாதிக்கலாம்.

சென்று காண விரும்புவோர்க்கு ஓரிரு குறிப்புகள். மேற்கு வங்காளத்தில் ஹாசிமாரா இரயில் நிலையத்தில் இறங்கி, ஜெய்காவோன் வழியாக எல்லைக்குச் செல்லலாம். கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்க வேண்டும். அவர்களுடைய நூல்ட்ரம் நாணயமும் நம் ரூபாயும் சம மதிப்புடையவை. கோயிலுக்குள் படம் எடுக்கலாகாது. பாரோவில் 1692-இல் மலைச்செங்குத்தில் கட்டிய தக்ஸாங் மடம் 1998-இல் தீக்கிரையாகிப் பின் பழையபடியே எழுப்பப்பட்டது. அதற்கு ஏறுவோர்க்குப் பாதி வழி வரை குதிரை கிடைக்கும், எஞ்சிய வழி கால்நடைதான். ஆனி முதல் ஆவணி வரை போக வேண்டா. மழையில் மலை சரிந்து சாலை அடைபடும். கொக்குத் திருவிழாவைக் காண விரும்புவோர் ஐப்பசிக் கடைசியில் செல்க. கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துச் செல்க. உழவர் வீட்டில் தங்குவதாயின், முன்னரே வழிகாட்டியிடம் வற்புறுத்திக் கேட்டுப் பெறுங்கள். கேளாவிட்டால் விடுதியில்தான் இறக்கிவிடுவார்.