தையல் தெரியாத புண்

இன்னைக்கு அப்பாக்களைப் பத்திப் பேசப்போறோம். அவங்க வீட்ல வாய் திறந்து சொல்லக் கூச்சப்படற ஒரு ஆபரேஷன், புராஸ்டேட் ஆபரேஷன்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் தேனி மாவட்டம் கம்பம், வேலை சென்னையில. இதைக் கேக்கற பல பேருக்கும் இதே நிலைமைதான் இருக்கும். நீங்க ஒரு ஊர்ல, அப்பா ஒரு ஊர்ல. திடீர்னு ஒருநாள் அம்மா போன்ல, "அப்பாவுக்கு யூரின் போற எடத்துல அடைப்பாம், ஆபரேஷன் செய்யணுமாம்"னு சொல்வாங்க. லீவு போட்டு ஓடுவீங்க. நாலு நாள் இருந்துட்டுத் திரும்பிடுவீங்க. அதுக்கப்புறம் வர்ற ஆறு வாரம்தான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழ, சிறுநீர் வர்ற குழாயைச் சுத்தி இருக்கற சுரப்பிதான் புராஸ்டேட். வயசாக ஆக அது பெருத்துக் குழாயை நெருக்கும். இதுக்கு அதிகமா செய்யற ஆபரேஷனோட பேரு டி.யு.ஆர்.பி. சிறுநீர் வர்ற வழியாவே கருவியை விட்டு, அடைக்கிற சதையை மட்டும் உள்ளேயே சீவி எடுத்துடுவாங்க. வயித்துல கீறல் இல்ல, தையல் இல்ல. டியூபை எடுத்த ரெண்டாவது நாளே ஆளு பழையபடி நடமாடுவாரு.

சிக்கலே அங்கதான். வெளிய ஒண்ணும் தெரியாததால, உள்ள ஒரு பச்சைப் புண்ணு இருக்குங்கறது வீட்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது, அவருக்கும் இருக்காது. அந்தப் புண்ணு ஆற ஆறு வாரமாவது ஆகும். நடுவுல பத்து நாள், ரெண்டு வாரம் வாக்குல உள்ள இருக்கற பொருக்கு உதிரும். அந்த நேரத்துல முக்கினாலோ, பாரம் தூக்கினாலோ மறுபடி ரத்தம் வரலாம்.

எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. எங்க பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல ஒரு விசேஷம், வருஷம் பூரா அறுவடை இருக்கும். அதனால தோட்டக்காரனுக்கு ஓய்வுக் காலம்னு ஒண்ணு கிடையாது. பதினோராம் நாள் பெரியப்பா டிவிஎஸ் 50-ஐ எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போய்ட்டாரு. பெட்டி ஏத்த ஒரு கை பிடிச்சிருக்காரு. சாயங்காலம் யூரின் செக்கச்செவேல்னு போயிருக்கு, அப்புறம் கட்டி அடைச்சு நின்னுடுச்சு. ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுபடி டியூப் போட்டு, கழுவி விட்டாங்க. பிழைச்சுக்கிட்டாரு.

அப்ப எங்க அப்பத்தா ஒரு வார்த்தை சொன்னாங்க: "பிள்ளை பெத்தவளைப் பச்சை உடம்புக்காரின்னு பொத்திப் பொத்திப் பாக்குறோம்ல, இவனும் இப்ப பச்சை உடம்புக்காரன்தான்." நான் படிச்ச படிப்பு மொத்தத்தையும் ஒரே வரியில சொல்லிட்டாங்க. அந்தக் கண்ணோட வீட்டைப் பாத்தா, செய்ய வேண்டியது எல்லாம் தானா புரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாம, அதோட சேத்து இதையும் செய்யுங்க.

மொதல்ல தண்ணி. இதயக் கோளாறோ கிட்னிக் கோளாறோ இல்லாதவங்க ஒரு நாளைக்கு ரெண்டு, ரெண்டரை லிட்டர் குடிக்கலாம். பகல்லயே பெரும்பகுதியைக் குடிச்சுட்டு, படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி குறைச்சுக்கணும். டீயும் காப்பியும் சிறுநீர்ப்பையை உசுப்பி விடும், அதனால கொஞ்ச நாள் அளவோட இருக்கட்டும்.

அடுத்தது மலச்சிக்கல். முக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கொய்யா, வாழைத்தண்டு, கீரை, கேப்பைக் கூழ் எல்லாம் நம்ம ஊர்லயே கிடைக்குது. வெஸ்டர்ன் டாய்லெட்டா இருந்தா காலுக்கு அடியில சின்னப் பலகை போட்டுக்கிட்டா முக்க வேண்டிய தேவை குறையும்.

மூணாவது நடை. டாக்டர் சரின்னதும், வீட்டுக்குள்ள அஞ்சு அஞ்சு நிமிஷமா நாலஞ்சு தடவை நடக்கலாம். கால்ல ரத்தம் உறையாம இருக்கவும், குடல் வேலை செய்யவும் இது உதவும். குடம், சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் நாலுலேர்ந்து ஆறு வாரத்துக்குத் தூக்க வேண்டாம். பைக்கும் அதுவரைக்கும் வேண்டாம். ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்போட குலுக்கலும் வேண்டாம்.

டியூபோட வீட்டுக்கு அனுப்பினா, பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், ஆனா தரையில படக் கூடாது. குழாய் மடங்காம பாத்துக்கணும். டியூபைத் தொடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பேண்ட்டை விட லுங்கியோ வேட்டியோ வசதி.

இப்ப என் பாடத்துக்கு வர்றேன், இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-ல இதைப் பத்தி எழுதினாரு, அதுவும் பிரசவமான பெண்களுக்காக! அப்பத்தா சொன்ன பச்சை உடம்புக் கணக்கு இங்கயும் பொருந்துது பாருங்க. காத்துப் பிரியறதை அடக்கற மாதிரி உள்ளுக்குள்ள தசையைச் சுருக்கி மேல இழுக்கணும். அஞ்சு எண்ணற வரைக்கும் பிடிச்சு, அதே அளவு விடணும். பத்துத் தடவை, தினம் மூணு வேளை. மூச்சை அடக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது. டியூப் உள்ள இருக்கும்போது செய்யவே கூடாது. ஆபரேஷனுக்கு முன்னாடியே கத்துக்கிட்டா ரொம்ப நல்லது. புற்றுநோய்க்காக புராஸ்டேட்டை முழுசா எடுத்தவங்களுக்குக் கசிவு சில மாசம்கூட இருக்கலாம். அவங்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் முக்கியம்.

இன்னொண்ணு, செலவே இல்லாதது. ரோஜர் உல்ரிச் 1984-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு. பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச 23 பேரையும் செங்கல் சுவர் தெரிஞ்ச 23 பேரையும் ஒப்பிட்டாரு. மரம் பாத்தவங்க சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, கடுமையான வலி மருந்தும் கம்மியாத்தான் கேட்டாங்க. சின்ன ஆய்வுதான், வேற ஆபரேஷன்தான். ஆனா கம்பத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போட என்ன காசா பணமா?

கடைசியா, கூச்சம். லுங்கி நனைஞ்சதை அப்பா யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. தண்ணி குடிச்சாத்தானே கசியுதுன்னு குடிக்கறதையே நிறுத்திடுவாரு. உறவுல உச்சத்தின்போது விந்து வெளிய வராம சிறுநீர்ப்பைக்குள்ள போறது டி.யு.ஆர்.பி.க்கு அப்புறம் சகஜம், உடம்புக்கு ஆபத்து இல்ல. அது தெரியாம, 'என்னமோ போச்சு'ன்னு தனக்குள்ளயே மருகிட்டு இருப்பாரு. மகன்கள் இதைப் பேசலாம். மகள்களும் பேசலாம், என்னோட நோயாளிகள் வீட்ல பல தடவை மகள்தான் பேச்சை ஆரம்பிச்சிருக்காங்க.

கொஞ்ச நாள் அவ்வப்போது லேசா ரோஸ் நிறத்துல போறது வழக்கம்தான், தண்ணி கூடக் குடிச்சாத் தெளியும். ஆனா யூரின் சுத்தமா நின்னுட்டா, கட்டி கட்டியா ரத்தம் வந்தா, 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் அடிச்சா, ஒரு கால் மட்டும் வீங்கினா உடனே ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா 108-ஐக் கூப்பிடுங்க.

தினம் போன்ல "சாப்டீங்களாப்பா"ன்னு கேக்கறோம்ல, ஆறு வாரத்துக்கு அதோட மூணு கேள்வி சேத்துக்கோங்க. "யூரின் என்ன நிறத்துல போகுதுப்பா? முக்காம வெளிய போனீங்களா? இன்னைக்கு எத்தனை தடவை நடந்தீங்க?" மொத நாள் அதட்டுவாரு. ரெண்டாம் நாள் முனகுவாரு. மூணாம் நாள் அவரே கூப்பிட்டுச் சொல்வாரு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.